இடமில்லாத கடைக்கு வாடகை

போன மாதம், எங்கள் தொழிலில் புதிதாக இறங்கியிருக்கும் ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தாள். “சார், இப்பல்லாம் தேடுபொறியில எதைக் கேட்டாலும் அதுவே மேல பதில் சொல்லிருது. கீழ இருக்குற தளத்துக்குள்ள யாரும் வர மாட்டேங்காங்க. இந்தத் தொழில் இன்னும் எத்தனை நாளைக்கு ஓடும்?” என்று கேட்டாள். ஓய்வு பெற்றவனிடம் எதிர்காலத்தைப் பற்றிக் கேட்பது என்ன வழக்கமோ தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது நடந்து முடிந்தது மட்டும்தான், அதை வேண்டுமானால் எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்த பிறகு அவளுடைய கேள்வி எங்கேயோ போய்விட்டது.

தொழில் இதுதான். ஒரு ஊரையும் ஒரு வேலையையும் எடுத்துக்கொள்வோம். கோவில்பட்டியில் போர்வெல் மோட்டார் தூக்குவது, கோவில்பட்டியில் கரையான் மருந்து அடிப்பது, இப்படி. அதற்கென்று ஒரு இணையதளம் கட்டுவோம். அதில் ஒரு தொலைபேசி எண் இருக்கும். தேடுபவர்கள் கண்ணில் அது முதலில் படும்வரை மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி வளர்ப்போம். அழைப்புகள் வர ஆரம்பித்ததும், அந்த வேலையை உண்மையிலேயே செய்கிற ஒருவருக்குத் தளத்தை மாத வாடகைக்கு விடுவோம். அன்றிலிருந்து அந்த எண்ணில் அடிக்கும் மணி அவர் கைப்பேசியில் அடிக்கும். வாடகைக்கு இருப்பவர் காலி செய்தால் மணியை இன்னொருவர் பக்கம் திருப்பிவிடுவோம். வெள்ளையடிக்கிற செலவுகூடக் கிடையாது.

எனக்குப் பயிற்சிக்காலம் சற்று நீளம். தொலைபேசித் துறையில் கிட்டத்தட்ட முப்பது வருஷம். ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்துவிட்டு, மூன்றிலக்க எண்கள் இருந்த காலத்தில் உள்ளே போனேன். யாருக்கும் வீட்டுத் தொலைபேசி தேவையில்லாத காலத்தில் விருப்ப ஓய்வு என்று சொல்லி வெளியே அனுப்பினார்கள். விருப்பம் அவர்களுடையது. இடைப்பட்ட காலத்தில் நான் கற்றது இரண்டு விஷயங்கள். ஒரு விதி எதற்காக எழுதப்பட்டது என்பதை அதை எழுதியவனே மறந்துவிடுவான் என்பது ஒன்று. மணி அடித்தால் எடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இதற்கு முப்பது வருஷம் அதிகம்தான்.

அதன்பின் என்னை வேலைக்கு எடுத்தவர் பிருந்தா மேடம். அவர்கள் குடும்பத்துக்குத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதை மூடிய பிறகு, லேபிள் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த மாடி அறையில், பெங்களூரிலிருந்து திரும்பி வந்த அந்த வீட்டு மருமகளான மேடம் நான்கு கணினிகளைப் போட்டு இந்தத் தொழிலை ஆரம்பித்தார். அவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். என்னை ‘சார்’ என்பார், நான் அவரை ‘மேடம்’ என்பேன். எங்களுக்குள் இருந்த ஒரே சம்பிரதாயம் அது, இருவரும் கடைசிவரை மீறவில்லை.

மேடத்தின் முறையைச் சொல்ல வேண்டும். யாரிடமும் வாதாட மாட்டார். எதிரே இருப்பவர் பேசி முடிக்கும்வரை கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அல்லது ஒரு காரியம் செய்வார். முதல் வாடகைக்காரர் வந்த அன்றே எனக்கு இது விளங்கியது.

அவர் பெயர் குருசாமி. போர்வெல்லில் சிக்கிக்கொண்ட மோட்டாரைத் தூக்குபவர். தளத்தைக் காட்டினேன். கணினித் திரையைச் சுற்றிப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

“நல்லாத்தான் சார் இருக்கு. கடை எங்கன இருக்கு?”

“கடை கிடையாது. இதுதான் கடை.”

“இடம்?”

“இடமும் கிடையாது.”

“இடமில்லாத கடைக்கு வாடகை கேக்குதீங்க. சாவி உண்டா, அதுவும் இல்லையா? நான் படிக்காதவன்தான் சார், அதுக்காக இப்படியா?”

நான் டொமைன், சர்வர் என்று விளக்கப் போனேன். மேடம் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கணினியில் எதையோ தட்டினார். குருசாமி எழுந்து, “வாரேன் மேடம், காபிக்கு ரொம்ப நன்றி” என்று செருப்பை மாட்டும்போது அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. கழுகுமலையிலிருந்து யாரோ. மோட்டார் கயிறு அறுந்து குழிக்குள் விழுந்துவிட்டதாம், நெட்டில் எண்ணைப் பார்த்தாராம், எப்போது வருவீர்கள் என்று கேட்டார். குருசாமி ஒற்றைச் செருப்போடு நின்று பேசி முடித்தார். பிறகு அதைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“அட்வான்ஸ் உண்டா மேடம்?” என்றார்.

எங்களிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒரு ஊர், ஒரு தொழில், ஒரு வாடகைக்காரர். இது முதல் விதி. அதே பக்கத்தில் அவருடைய போட்டியாளரை ஏற்ற மாட்டோம். தளத்தில் முகம் கிடையாது, பெயர் கிடையாது என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதால்தான் எனக்குத் தினமும் தலைவலி. எங்கள் ஊர் வியாபாரிக்கு, தன் படமும், தாய் தந்தை படமும், குலதெய்வத்தின் படமும் இல்லாத ஒன்று தன்னுடையது என்றே தோன்றாது. கரையான் மருந்து அடிப்பவர் ஒருவர், அவருடைய மகளின் பூப்புனித நீராட்டு விழாப் படத்தைத் தளத்தின் உச்சியில் போடச் சொல்லி மூன்று முறை வந்தார். நாளை நீங்கள் காலி செய்தால் அடுத்தவர் உங்கள் மகளின் படத்தோடு மருந்து அடிக்க வேண்டியிருக்கும் என்று விளக்கினேன். நான் காலி செய்ய மாட்டேன் என்றார். காலி செய்துவிட்டார்.

இனி ஃப்ரீசர் பாக்ஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

இறந்தவர் உடலை, உறவினர்கள் வந்து சேரும்வரை வைத்திருக்கும் குளிர்ப்பெட்டி அது. ஊர்ப்பக்கம் ஐஸ் பொட்டி என்பார்கள். வெளிநாட்டிலும் வெளியூரிலும் பிள்ளைகள் இருக்கும் இந்தக் காலத்தில் அது இல்லாமல் ஒரு சாவும் நடப்பதில்லை. கோவில்பட்டிக்கும் விளாத்திகுளத்துக்கும் சேர்த்து அதற்கொரு தளம் கட்டினோம். மற்றத் தளங்களுக்குப் பயன்படுத்திய அச்சையே எடுத்துப் போட்டதில், கூப்பிட்டவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி தானாகப் போகும் ஏற்பாடும் கூடவே வந்துவிட்டது. ‘நன்றி. மீண்டும் வருக.’ நல்லவேளை, சோதனைக்கு முதலில் நானே கூப்பிட்டுப் பார்த்தேன். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து வருகிற ஊர் இது. இந்தச் செய்தி ஒருவருக்குப் போயிருந்தால் மாடிப்படியில் ஆட்கள் ஏறி வந்திருப்பார்கள். எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற அடுத்த செய்தியையும் சேர்த்து அழித்தேன்.

தளம் வளர்ந்தது, அழைப்புகள் வந்தன, வாடகைக்கு இரண்டு பேர் கேட்டார்கள்.

ஒருவர் தங்கவேல் அண்ணாச்சி. கோவில்பட்டியில் பெரிய பந்தல் கடை. சேர், பாத்திரம், ஜெனரேட்டர், மூன்று பெட்டிகள் எல்லாம் உண்டு. ஆஸ்பத்திரி வாசலிலும் ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களிடமும் அவருக்குப் பழக்கம். ஒருவர் கண்ணை மூடுவதற்குள் அண்ணாச்சிக்குத் தகவல் போய்விடும் என்று ஊரில் கேலி செய்வார்கள். அவரும் அதை மறுப்பதில்லை.

இன்னொருவர் நாகலாபுரம் செல்வராணி. முன்பு எங்கள் மேடம் வீட்டுத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர். கணவர் மாரிச்சாமி சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறார். இருவரும் சேர்ந்து பழைய பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிப் பழக்கம் எதுவும் இல்லாததால் பெட்டி வீட்டிலேயே நின்றது. மாரிச்சாமி பேச மாட்டார். கேள்வி கேட்டால் மனைவியைப் பார்ப்பார்.

“இந்த ஐப்பசி வரைக்கும் பாப்பேன்னு இவிய சொல்லிட்டாவ சார்” என்றார் செல்வராணி. “அதுக்குள்ள பொட்டி ஓடலைன்னா அண்ணாச்சிகிட்டயே வித்துட்டு திருப்பூருக்குப் போயிருவாவ. பனியன் கம்பெனியில இவிய சிநேகிதர் எடம் பாத்து வச்சிருக்காரு. அண்ணாச்சி வந்து வெலையும் கேட்டுட்டுப் போயிட்டாவ. பிள்ளைகள வச்சிக்கிட்டு நான் இங்கன, அவிய அங்கன. அதான் ஒங்ககிட்ட வந்தேன்.”

பிறகு மேடம் பக்கம் திரும்பி, “முதலாளியம்மா, பழைய ஆளுன்னு பாத்துக் குடுக்க வேண்டாம். வேலையப் பாத்துக் குடுங்க” என்றார்.

மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சோதனை வைங்க சார்” என்றார்.

சோதனை என்பது எங்கள் நடைமுறை. ஒருவர் மாற்றி ஒருவருக்கு அழைப்புகளை இலவசமாக அனுப்புவோம். எத்தனை எடுத்தார், எப்படிப் பேசினார், எத்தனை வேலையாக முடிந்தது என்று பதிவுகளைக் கேட்டு மதிப்பெண் போடுவோம். சோதனை முடியும்வரை இரண்டு பக்கமும் நாங்கள் பேசக் கூடாது. பரீட்சை அறையில் மேற்பார்வையாளர் மாணவனிடம் கேள்வியை விளக்குவதில்லை அல்லவா, அதுபோல. இந்த விதி என்னுடையது. நன்றாகவே எழுதியிருந்தேன்.

அண்ணாச்சி முதல் மணியிலேயே எடுத்தார். “சொல்லுங்க. எந்த ஊரு? எத்தன நாளைக்கு? சேர் எத்தன வேணும்? பந்தல் உண்டா?” அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் ஒரு வேலை முடிந்துவிடும்.

செல்வராணியின் பக்கம் வெறுமையாக இருந்தது. அழைப்பு போகும், இரண்டு தடவை மணி அடிக்கும், துண்டிக்கப்படும். அடுத்ததும் அப்படியே. அடுத்ததும். ஒரு பதிவுகூட இல்லை. இப்படி ஒரு வாரத்துக்கு மேல் போனது. மேடம் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“பயந்துபோய் கட் பண்ணுறாங்களோ?” என்றார்.

“தெரியலை மேடம். பேசக் கூடாதுன்னு விதி.”

“பேசாதீங்க. ஆனா கூப்பிடுறவங்க துக்க வீட்டுக்காரங்க. அவங்களை அந்தரத்துல விடாதீங்க.”

அதற்கும் நடைமுறை இருந்தது. ஒருவர் துண்டித்தால், கூப்பிட்டவர் காதில் கைப்பேசி இருக்கும்போதே அழைப்பு மற்றவருக்கு மாறும்படி செய்யலாம். செய்தேன். மறுநாள் வேறொரு தளத்துக்குப் படம் எடுக்க விளாத்திகுளம் போயிருந்தேன். மத்தியானம் அண்ணாச்சியிடமிருந்து அழைப்பு வந்தது.

“சார், நான் இப்ப குளத்தூர்ல நிக்கேன். ஒங்க கம்பெனியில ஒரு சாவுக்கு ரெண்டு பொட்டி அனுப்புவீங்களோ?”

மேடத்துக்குச் சொன்னேன். “போங்க சார். யாரையும் சமாதானப்படுத்த வேண்டாம். பார்த்துட்டு மட்டும் வாங்க” என்றார். பஸ் பிடித்துப் போனேன்.

இறந்தவர் வயதான ஒரு அம்மா. குளத்தூருக்கு நாகலாபுரம்தான் பக்கம் என்பதால் செல்வராணியின் பெட்டி முதலில் வந்து, அந்த அம்மாளை அதில் கிடத்தி, மாலையும் போட்டாகிவிட்டது. அண்ணாச்சியின் பெட்டி, அவர் முகம் ஒட்டிய வண்டியின் மேல், வீட்டு வாசலுக்கு நேராக நின்றது. ஒரு சாவு வீட்டு வாசலில் வெறும் பெட்டி. தெருவே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏலே, ரெண்டாவது பொட்டி யாருக்குலே?” என்று ஒரு பெண் உள்ளேயிருந்து கத்தினார். “வெறும் பொட்டி வந்துட்டு வெறுமன திரும்புனா வீட்டுக்கு ஆகுமா? இன்னொரு உசுரக் கேக்கும்!”

“அதுக்காக அதை இங்கனயே நிறுத்தவா முடியும்?” என்றார் மூத்த மகன். துக்கத்தை விட்டுவிட்டுப் பெட்டி விவகாரத்தைப் பார்க்க வேண்டிய நிலை அவருக்கு.

“தம்பி, நீங்கதான போனுல பேசுனீங்க?” என்றார் அண்ணாச்சி. “சேர் அம்பது, பந்தல் ஒண்ணுன்னு சொன்னீங்கள்லா?”

“பேசுனேன் அண்ணாச்சி. ஒங்ககிட்ட பேசி வச்ச கையோட ஒரு அம்மா கூப்பிட்டாங்க. ஒங்க ஆபீஸ் ஆளுன்னு நெனச்சேன். எங்கம்மாவுக்கு என்ன செஞ்சதுன்னு கேட்டாங்க, வீட்டுல கரெண்டு நிக்குமான்னு கேட்டாங்க, வாசல் அகலம் கேட்டாங்க. எல்லாஞ் சொன்னேன்.”

நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். இறந்தவரின் கணவர். உப்பளத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர், பாதங்கள் வெளுத்துப் பாளம் பாளமாக இருந்தன.

“எதுக்குச் சத்தம் போடுதீங்க?” என்றார். “ரெண்டாவது எனக்குத்தான். ஒரு ஓரமா வச்சிட்டுப் போகச் சொல்லுங்க. இன்னொரு தடவ வண்டி வாடகை மிச்சம்.”

யாரும் சிரிக்கக் கூடாத இடத்தில் நாலைந்து பேர் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். கத்திய பெண்ணும் சேலைத் தலைப்புக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று தெரியாது.

அண்ணாச்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “பெரியவரே, வெறும் பொட்டிய எடுத்துட்டு ஊருக்குள்ள போனேன்னா, குளத்தூர்ல திருப்பி அனுப்புன பொட்டின்னு நாளைக்கு ஒருத்தன் எடுக்க மாட்டான். எனக்கும் பொழப்பு இருக்குல்லா?” என்றார். மூன்று பெட்டி வைத்திருக்கிறவருக்கும் பயம் உண்டு என்று அன்று பார்த்தேன்.

பெரியவர் வண்டியைப் பார்த்தார். “வெறும் பொட்டியாப் போறதுதான பிரச்சினை? கொட்டாரத்துல இருந்து ஒரு மூட உப்பு கொண்டாந்து உள்ள வைங்கப்பா. உப்பு ஏத்துன வண்டிய யாரு என்ன சொல்லுவா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய், உப்பு குவித்து வைத்திருக்கும் இடத்திலிருந்து மூட்டையைக் கொண்டுவந்து பெட்டிக்குள் படுக்க வைத்தார்கள். கண்ணாடி மூடியை அண்ணாச்சியே மூடினார். வண்டி கிளம்பும்போது வழிவிட்டுத்தான் நின்றார்கள்.

அதற்கு முன்பாகத் தெரு முனையில் அண்ணாச்சி செல்வராணியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்மா, போன் அடிச்சா எடுத்துப் பேசத் தெரியாதா? கட் பண்ணிட்டு எதுக்கு நீ கூப்பிடுத?”

“எப்படி அண்ணாச்சி எடுக்க? சாவு விழுந்த வீட்டுக்காரங்க காசுலயா நாம பேசுறது? மணி அடிச்சா கட் பண்ணிட்டு நாமதான கூப்பிடணும். எங்கய்யா காலத்துல இருந்து அப்படித்தான்.”

“இப்ப எவன் பேசுறதுக்குக் காசு குடுக்கான்? மாசத்துக்கு மொத்தமா கட்டிட்டா நாள்பூராப் பேசலாம்.”

“அது ஒங்களுக்கு. எங்க பக்கம் மாசக் கடைசியில போன்ல ஒரு கால் போறதுக்குத்தான் காசு இருக்கும். அதையும் நான் பேசித் தீத்துட்டா, அவிய மத்த சொந்தக்காரங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டாமா?”

நான் ஒரு வேப்பமரத்தடியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். துண்டிக்கப்பட்ட அழைப்புகள் என்று என் திரையில் சிவப்பாக நின்ற ஒவ்வொன்றும், உடனே அவருடைய சொந்தக் கைப்பேசியிலிருந்து திருப்பிக் கூப்பிடப்பட்டிருக்கிறது. எங்கள் எண் வழியாக வராததால் எங்களிடம் பதிவு இல்லை. மிஸ்டு கால் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். தொலைபேசித் துறையில் முடியும் நரைத்தவன். திரையில் சிவப்பைப் பார்த்ததும், இந்த ஊர்க்காரர் அப்படிச் செய்வதற்கு என்ன காரணம் என்று யோசிக்காமல், மென்பொருள் எழுதியவனின் ஊர்க்காரனாக மாறிவிட்டிருக்கிறேன்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துக் கேட்டார்.

“அந்த நம்பருக்கெல்லாம் கூப்பிட்டு, கடைசியில யார் பெட்டி வந்ததுன்னு மட்டும் கேளுங்க சார்.”

கூப்பிட்டேன். துக்கம் முடிந்த வீடுகளுக்குக் கூப்பிட்டு, பெட்டி எப்படி இருந்தது என்று கேட்பதற்கு எந்த விதிமுறையும் உதவாது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தொலைபேசித் துறையில் கற்றபடி என் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன். பல வீடுகளில் பதில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. “அந்த நாகலாபுரத்தம்மாவா? வந்தாவ. ஏன் சார், அவிய மேல யாரும் புகார் சொன்னாங்களா?” ஒரு வீட்டில், பெட்டியை இறக்கிவிட்டு அடுப்படியில் நுழைந்து எல்லோருக்கும் காபி போட்டதாகச் சொன்னார்கள். அதற்கு மதிப்பெண் போட என்னிடம் கட்டம் இல்லை.

மற்றவர்கள் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. “பொட்டி ஒண்ணுதான், அது வெளிய போயிருக்குன்னு சொன்னாவ. அந்தம்மாதான் பந்தல் கடை அண்ணாச்சி நம்பர் குடுத்தாவ. அவர் பொட்டிதான் வந்துச்சு.” சிவப்பில் நின்ற அழைப்புகளில் ஒன்றுகூட வீணாகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மூன்று பேரையும் வரச் சொன்னார் மேடம். அண்ணாச்சி வெள்ளை வேட்டியோடு வந்து மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தார். செல்வராணி நாற்காலி நுனியில். மாரிச்சாமி கதவருகில் நின்றார், எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை. பழைய தீப்பெட்டி ஆபீஸில் முதலாளி அறைக்கு வந்தவர்கள் உட்காராத பழக்கம் அந்தச் சுவருக்குள் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“சார், படிங்க” என்றார் மேடம்.

நான் படித்தேன். எங்கள் பதிவின்படி அண்ணாச்சிக்கு முழு மதிப்பெண், செல்வராணிக்குப் பூஜ்யம். அண்ணாச்சி தலையசைத்தார். அடுத்து, வீடுகளில் விசாரித்ததைப் படித்தேன். தலையசைப்பு நின்றது. ஆட்கள் திருப்பிவிடப்பட்டதைச் சொன்னபோது அண்ணாச்சி செல்வராணியின் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

“எட்டயபுரத்து வீடு, நீ அனுப்புன ஆளா?”

“ஆமா அண்ணாச்சி.”

“நான் ஆம்புலன்ஸ் பையன் அனுப்புனான்னு நெனச்சு அவனுக்குக் கமிஷன் குடுத்தேனே! அவனும் வாங்கிட்டானே, களவாணிப் பய!”

மேடம் சிரித்ததை நான் முதல்முறையாக அன்றுதான் பார்த்தேன். அதுவும் ஜன்னல் பக்கம் திரும்பித்தான்.

“தளம் செல்வராணிக்கு” என்றார். “ஒரே நிபந்தனை. மூணாவது மணிக்குள்ள போனை எடுக்கணும். கட் பண்ணித் திரும்பக் கூப்பிடக் கூடாது. எங்களுக்குப் பதிவு வேணும்.”

இத்தோடு முடிந்தது என்று நான் ஒப்பந்தத்தை எடுத்துவிட்டேன். செல்வராணி கையை நீட்டவில்லை.

“அது மட்டும் முடியாது முதலாளியம்மா” என்றார். “மத்தது எல்லாஞ் சரி. ஆனா அவிய காசுல பேச மாட்டேன். முறையில்ல.”

“இப்ப யாருக்கும் காசு போறதில்லைன்னு அண்ணாச்சி சொன்னாரே?”

“எல்லாருக்கும் போகாமயா இருக்கும்? கூப்பிடுறது யாருன்னு மணி அடிக்கும்போது தெரியாதுல்லா?”

மாரிச்சாமி கதவருகில் தரையைப் பார்த்தபடி நின்றார். தளம் கைவிட்டுப் போனால் பெட்டியும் போகும், அவரும் திருப்பூருக்குப் போவார் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். எனக்குச் செல்வராணியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு, பிறகு நம் இஷ்டப்படி செய்துகொள்ளலாம் என்பது நான் முப்பது வருஷம் பார்த்த உலக நடைமுறை. அதுகூடத் தெரியாமல், கைக்கு வந்ததைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

மேடம் வாதாடவில்லை. வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சார், அவங்க கட் பண்ணினதும், நம்ம எண்ணே கூப்பிட்டவருக்குத் திரும்ப அடிச்சு, அவங்களையும் இணைக்கிற மாதிரி செய்ய முடியுமா?”

முடியும். டிவிக்காரர்கள் ஓட்டு கேட்கவும் பெரிய கம்பெனிகள் பரிசு கொடுக்கவும் செய்கிற அதே ஏற்பாடுதான். செலவு எங்களுடையது, பதிவும் எங்களிடம் இருக்கும். செய்ய அன்று சாயங்காலம்வரை ஆனது. தளத்தில் தொலைபேசி எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘மிஸ்டு கால் கொடுங்கள். நாங்கள் அழைக்கிறோம்.’ அந்த ஒரு வரியால் அழைப்புகள் எவ்வளவு கூடின என்பதை அடுத்த மாதமே பார்த்துவிட்டு, போர்வெல்லிலிருந்து கரையான் மருந்துவரை எங்கள் எல்லாத் தளங்களிலும் மேடம் அதைப் போடச் சொன்னார். நான் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் வருமானத்தை இப்படித் தூக்கியது வேறெதுவும் இல்லை. யோசனை யாருடையது என்று மேடம் மறக்கவில்லை. செல்வராணியின் வாடகையை அதன்பின் கூட்டவே இல்லை.

அண்ணாச்சிக்கும் வெறுங்கை இல்லை. பந்தல், சேர் வாடகைக்கென்று தனித் தளம் ஒன்று தயாராக இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். அதில் தன் முகத்தைப் போட முடியாதா என்று கேட்டார். முடியாது என்றேன். வண்டியில் இருக்கிற முகமே போதும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

செல்வராணி ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு மாரிச்சாமி. அவர் பேனாவை வாங்கும்போதுதான் அண்ணாச்சி, வியாபாரி அல்லவா, சும்மா போகாமல் ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தார்.

“ஏம்ப்பா மாரிச்சாமி, பொட்டிக்கு வெல பேசி வச்சமே, அது என்னாச்சு?”

வழக்கம்போல மாரிச்சாமி மனைவியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. குனிந்து, நிதானமாகக் கையெழுத்தைப் போட்டு முடித்தார். பேனாவை மூடி என்னிடம் நீட்டினார்.

“பொட்டி வாடகைக்குப் போயிருக்கு அண்ணாச்சி” என்றார். “வீட்டுக்கு வந்து சும்மா நிக்கட்டும், அப்பப் பேசுவோம்.”

நான் ஓய்வு பெறும் நாள்வரை அது சும்மா நிற்கவில்லை.